அடித்தண்டில் நின்ற தண்ணீர்

என் மனைவியோடு வாக்குவாதம் செய்து ஜெயித்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. அதில் எனக்கு நிறைய வருத்தம் உண்டு. படகு விஷயத்தில் தோற்றதற்கு மட்டும் இன்றைக்கும் சந்தோஷப்படுகிறேன்.

மலைமேல் வளப்பூர் நாட்டில் எங்கள் வீடுகள் ஒரு சின்ன அணைத் தண்ணீருக்கு இந்தப் பக்கம். ரோடு, பஸ், பள்ளிக்கூடம் எல்லாம் அந்தப் பக்கம். சுற்றிப் போக ஒற்றையடிப் பாதை இருக்கிறது. ஏற்றமும் இறக்கமுமாக நல்ல கால்களையே சலிக்க வைக்கும். இவளுக்கோ மிளகு பறிக்கையில் ஏணியிலிருந்து விழுந்து முறிந்து, கோணலாகக் கூடிய கால். இவள் அந்தப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். ஊருக்குப் பொதுவாக ஒரு பழைய ஃபைபர் படகு வந்ததும் துடுப்பைக் கையில் எடுத்தவள் பிறகு யாருக்கும் கொடுக்கவில்லை. காலையில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டி ஏற்றிக்கொண்டு போவாள். சாயங்காலம் அதே மாதிரி கூட்டி வருவாள்.

போன வருஷம் பரீட்சை முடிகிற சமயத்தில், "படகு கனக்குதுங்க. ஒரு பக்கமா வேற சாயுது" என்றாள்.

"நீ கொஞ்சம் பெருத்துட்டியோ என்னமோ" என்றேன். அன்றைக்கு எனக்குச் சோறு கிடைத்தது, குழம்பு கிடைக்கவில்லை.

ஆனால் படகு நிஜமாகவே தாழ்ந்துகொண்டு வந்தது. ஹெட்மாஸ்டர் ஒரு நாள் கரையில் நின்று பார்த்துவிட்டார். "பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள இதைச் சரி பண்ணிருங்கம்மா. இல்லைன்னா பிள்ளைங்களை ஏத்த விட மாட்டேன். சமையலுக்கும் இந்தப் பக்கத்து ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. பிள்ளைகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். இவளும் எதிர்த்துப் பேசவில்லை. வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து கோணல் காலைக் கையால் நீவிக்கொண்டே இருந்தாள். வேலை போனால் இவள் வீட்டில் எப்படி இருப்பாள் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

ஆளாளுக்கு ஓட்டையைத் தேடினோம். படகுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊறவில்லை, ஆனாலும் கனம். கடைசியில் அதைக் கரையேற்றி, மிளகு காயப்போடும் பாறையில் கற்களை அண்டக் கொடுத்து நிறுத்தினோம். படகின் அடியில் முன்னிருந்து பின்வரை நீளமாக ஒரு மேடு ஓடும். அதை நாங்கள் அடித்தண்டு என்போம். உள்ளே கூடாக இருக்கும். இவள் படகுக்கு அடியில் தவழ்ந்து போய், பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பது போல விரல் முட்டியால் அந்தத் தண்டைத் தட்டிக்கொண்டே வந்தாள். முன்பக்கம் கூடாகக் கேட்டது. பாதிக்கு மேல் சத்தம் அடங்கிவிட்டது.

"மூக்கை இன்னும் கொஞ்சம் தூக்குங்க" என்றாள். தூக்கினோம். மறுபடி தட்டினாள். சத்தம் அடங்குகிற இடம் பின்னால் நகர்ந்திருந்தது.

"உள்ள தண்ணி ஓடுதுங்க" என்றாள் அடியிலிருந்து.

மலைக்குக் கீழே பேளுக்குறிச்சியிலிருந்து ஃபைபர் தண்ணீர்த் தொட்டி ஒட்டுகிறவர் ஒருவர் பஸ் ஏறி வந்தார். தண்டின் பின்முனையில் டிரில் வைத்தார். பழுப்பாக, ஊசிப்போன கஞ்சி வாடையோடு தண்ணீர் பீறிட்டது. வாளி மாற்றி வாளி வைத்தோம். இத்தனையும் எப்படி உள்ளே போயிற்று என்று படகுக்குள் குனிந்து பார்த்தவர், தரையில் இருந்த இரும்பு வளையங்களைக் காட்டி, "இது எதுக்குங்க?" என்றார்.

எல்லோருக்கும் விளங்கிவிட்டது. கொண்டை ஊசி வளைவுகளில் லாரி ஏறி இறங்கிப் பழகியவர்கள் நாங்கள். கயிறு போடாத பாரம் உருண்டுவிடும் என்பது எங்கள் ரத்தத்தில் ஊறிய விஷயம். அதனால் படகு வந்ததுமே ஊர் கூடி, மரவள்ளி மூட்டையைக் கட்டுவதற்காக அதன் தரையில் வளையம் வளையமாக முடுக்கிவிட்டிருந்தோம். அலைகூட அடிக்காத தண்ணீரில் மூட்டை எங்கே உருளப்போகிறது? அந்த ஸ்குரூ ஓட்டைகள் வழியாக மழைத் தண்ணீர் அடித்தண்டுக்குள் இறங்கியிருக்கிறது. நாங்கள் ஓட்டையைக் கீழே தேடிக்கொண்டிருந்தோம்.

தொட்டிக்காரர் அன்றைக்கே அடைத்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் பார்த்தார். நாங்களும் சரி என்றோம். இவள் மட்டும் முடியாது என்றாள்.

"மிளகை ஈரத்தோட மூட்டை கட்டுவீங்களா? உள்ள காயட்டுங்க."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஈரத்தில் பிசின் சரியாகப் பிடிக்காது, பின்னால் விட்டுவிடும் என்று ஒப்புக்கொண்டார். முன்பக்கமும் காற்றுப் போக ஓர் ஓட்டை போட்டுவிட்டு, ஒட்டுகிற பிசினையும் கண்ணாடி இழைத் துணியையும் இவளிடம் கொடுத்து, கலக்கும் அளவைச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம் தொடங்கியது என் கஷ்டகாலம். வெயில் ஏறியதும் படகின்மேல் போட்ட படுதாவை விலக்க வேண்டும். மேகம் இறங்குவதற்குள் மூட வேண்டும். கல் உப்பைச் சட்டியில் வறுத்து இரண்டு துணி முடிச்சாகக் கட்டுவாள். ஒன்றைக் கம்பியில் கோத்து அடித்தண்டுக்குள் தள்ளி ஓட்டையை அடைப்பாள். மற்றதை வெளியே பாறையில் வைப்பாள். மத்தியானம் இரண்டையும் பிரித்துப் பார்ப்பாள். வெளியே இருந்தது கலகலவென்று இருக்கும், உள்ளே இருந்தது கசிந்திருக்கும். எங்கள் மலையில் கோடை மழையைக் கேட்க வேண்டுமா? இன்றைக்குக் காய்ந்த மாதிரி இருக்கும், நாளைக்கு மறுபடி கசியும்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முதல் நாளும் உப்பு கசிந்திருந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏம்புள்ள, துளி ஈரம். அடைச்சுட்டு ஓட்டு. இந்த வருஷம் தாங்கும். உனக்கு வேலை வேணுமா வேண்டாமா?" என்று கத்தினேன்.

"நான் மட்டும் போறதா இருந்தா அடைச்சிருவேனுங்க" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் விடியும்போதே கம்பை ஊன்றிக்கொண்டு சுற்றுப்பாதையில் நடக்க ஆரம்பித்தாள். பிள்ளைகள் முன்னால் ஓட, நான் எல்லோருடைய பைகளையும் சுமந்துகொண்டு பின்னால் போனேன். ஏற்றத்தில் நின்று நின்று மூச்சு வாங்கினாள். ஆனால் அடுப்பு நேரத்துக்கு எரிந்தது. ஹெட்மாஸ்டர் இவள் காலைப் பார்த்தார், வேறு ஆள் பேச்சை எடுக்கவில்லை. சாயங்காலம் கணுக்கால் வீங்கிக் கிடந்தது. வெந்நீர் ஊற்றும்போது திட்டத்தான் நினைத்தேன். ஆனால் இப்படி ஒருத்தியோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன் என்று நெஞ்சு நிறைந்தது. உப்பு காய்கிற வரை தினமும் அப்படித்தான் நடந்தாள்.

ஒரு மத்தியானம் இரண்டு முடிச்சும் ஒரே மாதிரி கலகலத்தன. அதற்கு அடுத்த நாளும் பார்த்தாள். பிறகுதான் வளையங்களைக் கழற்றி, பிசின் கலக்கி, எல்லா ஓட்டைகளையும் துணி வைத்து ஒட்டினாள்.

தண்ணீரில் இறக்கியபோது படகு நிமிர்ந்து நின்றது. பிள்ளைகள் ஜாக்கெட்டோடு ஓடி வந்தார்கள்.

"இருங்க சாமி" என்று அவர்களைக் கரையிலேயே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏனுங்க, நீங்க ஏறுங்க."

எனக்கு நீச்சல் தெரியாது. அதுவரை அந்தப் படகில் கால் வைத்ததும் இல்லை. ஏறி, இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அக்கரை வரை துடுப்புப் போட்டுக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தாள். கரை தட்டியதும், "எந்தப் பக்கமாச்சும் சாஞ்சுதுங்களா?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன்.

அதற்கு அப்புறம்தான் பிள்ளைகளைக் கூப்பிட்டாள்.