ஒரு மணி அடித்தால் போதும்

ஹனோய்க்குத் தனியாகப் போனதில் எனக்குக் கொஞ்சம் வீறாப்பு உண்டு. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கிளார்க் வேலை, நாற்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. "ஒத்தையில அம்புட்டு தூரம் எதுக்கு?" என்று கேட்டவர்களிடமெல்லாம் "சும்மாதான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். எட்டுப் பேர் படுக்கிற விடுதி அறையில் மேல்கட்டில் எனக்கு. காலையில் விடுதி தரும் இலவச ரொட்டியில் இரண்டை ஒளித்துவைத்து, மத்தியானம் ஏரிக்கரையில் உட்கார்ந்து அதற்குள் இட்லிப்பொடி வைத்துத் தின்பேன். எங்கே போனாலும் நடைதான். கஞ்சத்தனம் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும், எனக்கு அது கெட்டிக்காரத்தனமாகவே பட்டது.

முதல்நாள் சாயங்காலம் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து அம்மா கூப்பிட்டாள். தனியாக இருப்பவள், பட்டன் போன் வைத்திருப்பவள். வாழைத்தார் விலை, கிறிஸ்துமஸ் பஜனைக்கு யார் யார் வந்தார்கள், பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி என்று பதினோரு நிமிஷம் பேசினாள். வைத்ததும் எவ்வளவு கழிந்தது என்று செய்தி வந்தது. உடனே திருப்பிக் கூப்பிட்டுக் கத்தினேன்.

"இங்க நான் எடுத்தாலும் காசும்மா! ரெண்டு நாள் சோத்துக்காசு போச்சு!"

பிறகு அவளே வழி சொன்னாள். "சரிட்டி, தெனம் சாயங்காலம் ஆறு மணிக்கு போன்ல ஒரு மணி அடிச்சு வச்சிருதேன். நல்லா இருக்கேன்னு அர்த்தம். நீ எடுக்காத. அவசரம்னா ரெண்டாவது வாட்டி அடிப்பேன்."

நான்கு நாள் அப்படியே நடந்தது. அங்கே ஆறு என்றால் எனக்கு ஏழரை. எந்தத் தெருவில் நின்றாலும் பையில் போன் ஒருமுறை சிணுங்கி அடங்கும். நானும் நிம்மதியாக நடப்பேன்.

ஐந்தாம் நாள் அடிக்கவில்லை.

விடுதிக்கு ஓடிவந்து வைஃபையில் பார்த்தால், தாமிரபரணி கரை மீறிவிட்டது. ஸ்ரீவைகுண்டத்துக்குப் போகிற சாலை அறுந்துவிட்டது. அம்மா போன் அணைந்துகிடந்தது. பாளையங்கோட்டையிலிருந்து அலுவலகத் தோழி குரல்செய்தி அனுப்பியிருந்தாள்: "இங்கன வண்ணார்பேட்டையிலயே தண்ணி ஏறிட்டு. உங்க ஊருக்கு ஒரு போனும் போகமாட்டேங்கு." எங்கள் வீடு ஓட்டுவீடு. மாடி கிடையாது. ஆற்றுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு வாழைத்தோட்டம் மட்டும்தான்.

டிக்கெட்டை மாற்ற முடியாது. மலிவு என்று அதைத்தான் தேடிப்பிடித்து வாங்கியிருந்தேன். புது டிக்கெட்டுக்குக் கையில் பணமில்லை.

மறுநாள் முழுக்க நடந்தேன். நின்றால் பயம் பிடித்துக்கொண்டது. சிவப்பாறு என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் ஆற்றின்மேல் பழைய இரும்புப் பாலம் ஒன்று உண்டு. நடுவில் நின்று கீழே பார்த்தேன். அந்த ஆறு சாதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அதன்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பதினோரு நிமிஷத்துக்காக அம்மாவைத் திட்டிய என் வாயை நினைத்தால் அதைவிட ஆத்திரம் வந்தது. ஏழரை ஆயிற்று. போன் அடிக்கவில்லை. அன்று நான் எதுவும் தின்னவில்லை.

அதற்கும் மறுநாள், காலை பத்து மணிக்கு, காய்கறிச் சந்தை நடுவே போன் ஒருமுறை அடித்து நின்றது. தெரியாத எண். நம் நாட்டு எண்தான். இரண்டாவது அடிக்குமோ என்று பார்த்தேன். அடிக்கவில்லை. நானே கூப்பிட்டேன்.

"யாரு பேசுதது?" என்றது ஓர் ஆண்குரல். சொன்னேன்.

"உங்க அம்மா நல்லா இருக்காவம்மா. நாங்க கடலுக்குப் போற ஆளுக, புன்னக்காயல்லருந்து வள்ளம் கொண்டாந்திருக்கோம். பள்ளிக்கூட மாடியில கெடந்தாவ, பைய பைய இறக்கி மேட்டுக்குக் கொண்டாந்துட்டோம். இங்கனதான் சிக்னல் கெடைக்கி. மகட்ட பேசுங்கன்னு போனைக் குடுத்தேன். வேண்டாம்னுட்டாவ. எடுத்தா அவளுக்குக் காசு போகும், ஒரு மணி அடிச்சாப் போதும்னாவ."

கீரைக்கூடைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து சத்தமாக அழுதேன். அவர் போனை அம்மாவிடம் கொடுத்தார்.

"ஏட்டி, ஒரு தடவதான அடிச்சேன்? எதுக்குக் கூப்பிட்ட?"

"அம்மா…"

"நல்லா இருக்கேன்னுதான அர்த்தம். வை, வை. காசு போகுது."

வைத்துவிட்டாள். மறுபடி அடித்தேன். அவர்தான் எடுத்தார். "அம்மா வாங்கமாட்டேங்காவ. வைன்னு கையைக் கையைக் காட்டுதாவ."

"வைக்காதீங்க அண்ணாச்சி. அவ பேசவேண்டாம். பக்கத்துல சும்மா பிடிச்சுக்கிடுங்க."

பிடித்தார். தண்ணீர்ச் சத்தம் கேட்டது, யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். "கிறுக்குப் பிள்ள, காசைக் கரியாக்குது" என்று அம்மா தள்ளி நின்று திட்டிக்கொண்டிருந்தாள். அவள் திட்டி முடிக்கும்வரை நான் போனை வைக்கவில்லை.