கொத்தனார் சொன்ன கடிதம்

என் ஓரகத்தி பதினெட்டு வருஷமாகத் தட்டச்சு செய்கிறவள். தெருவுக்கே அவள் டைப் அக்கா. கை மின்னலாகப் போகும். காதில் விழுவது விரலுக்குப் போகும், மனசில் மட்டும் தங்காது. பழைய மெஷினில் பழகியவள். கடைசிப் புள்ளி வைக்காமல் தாளை உருவக் கூடாது என்று வாத்தியார் சொன்னதைக் கம்ப்யூட்டரிலும் விடவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் சேவ் செய்வாள். நானும் சொல்லிப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்கு.

அன்று காலை எதிர்வீட்டுக் கொத்தனார் வந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். தொண்டையில் கட்டி, மதியம் ஆபரேஷன். அதோடு குரல் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏழு வருஷமாகப் பேசாத மகளுக்கு ஒரு கடிதம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

இவள் பிழை திருத்திக்கொண்டிருந்தாள்.

“அக்கா, ஓடி வாங்களேன்!”

அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். திரையில் அம்பு நகரவில்லை. எதைத் தட்டினாலும் அசைவில்லை. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

“சேவ் பண்ணியா?”

“இன்னும் புள்ளி வைக்கலியேக்கா...”

“உன் புள்ளியில மண்ணைப் போட! அணைச்சுப் போட்டுத் திரும்பப் போடு.”

“அணைச்சா அவரு சொன்னதெல்லாம் போயிடும். இப்பப் போயி அவர்கிட்ட கேக்க முடியுமா?”

மணி இரண்டு. அவரை உள்ளே கொண்டுபோயிருப்பார்கள். திரையில் கடிதத்தின் கீழ்ப்பாதிதான் தெரிந்தது. அதைப் போனில் மூன்று தடவை படம் எடுத்தேன்.

“மேல என்னடி இருந்துச்சு?”

“என் விரலுக்குத்தான்க்கா தெரியும். எனக்குத் தெரியாது.”

அம்பு அசையுமா என்று ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பட்டனை நான்தான் அழுத்திப் பிடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று... ஏழில் திரை கறுத்தது. உள்ளே சுற்றிய விசிறி கடைசி மூச்சு மாதிரி இழுத்து நின்றது. மறுபடி போட்டுத் தேடினோம். கடிதம் இல்லை.

படத்தைப் பார்த்துக் கீழ்ப்பாதியை அடித்தாள், வரிக்கு வரி சேவ் செய்து. மேல்பாதியை இரண்டு பேரும் யோசித்து யோசித்து நிரப்பினோம்.

நான்காம் நாள் வார்டுக்குப் போனோம். கழுத்தைச் சுற்றிக் கட்டு. அவள் கடிதத்தைப் படித்தாள். ஒவ்வொரு வரிக்கும் அவர் தலையாட்டினார். ‘அப்பா மேல கோவப்படாதே’ என்று நாங்கள் நிரப்பிய வரியைப் படித்ததும் அவள் மணிக்கட்டை வெடுக்கென்று பிடித்துக்கொண்டார். இல்லை, இல்லை என்று தலை ஆடியது.

அவள் தாளை மடியில் வைத்தாள்.

“கோவப்படலாம்னு சொன்னீங்களாண்ணே?”

பிடி மெல்லத் தளர்ந்தது.