சகலை சொன்ன விலை

பூபாலனுக்குச் சர்க்கரை கிடையாது, ரத்தக் கொதிப்பு கிடையாது. அவனுக்கு இருந்த ஒரே கோளாறு சகலை ஜோயல்தான். மனைவி அன்பரசியின் அக்கா வரலட்சுமியைக் கட்டியவன் ஜோயல். நெம்மேலியில் கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் ஆபரேட்டர், படூரில் சொந்த அபார்ட்மென்ட். அவன் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்தால்கூட பூபாலனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. இத்தனைக்கும் பூபாலனுக்கு ஒன்றும் குறைவில்லை. கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் லைன் லீடர், சிங்கப்பெருமாள் கோயிலில் சொந்த வீடு, பொறுப்பான பெண்டாட்டி. ஆனால் பொறாமை என்ன, இருப்பதைப் பார்த்துவிட்டா வருகிறது?

இந்தக் கோளாறுக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவர் மாமனார் கருப்பன். மின்வாரியத்தில் ஹெல்ப்பராக இருந்து ஓய்வு பெற்று நெம்மேலியில் இருக்கிறார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மகள்களும் மாப்பிள்ளைகளும் அவர் வீட்டில் சாப்பிட வேண்டும். யார் வீட்டுக்கு எந்தப் பொருள் புதிதாக வந்தாலும் அன்றைக்கு அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"இன்னா மாப்ள, எவ்ளோக்கு முடிச்ச?"

குறைவான விலைக்கு முடித்தவன் அன்றைக்கு ராஜா. வறுத்த வஞ்சிரத்தின் நடுத்துண்டு அவன் தட்டுக்குப் போகும். மற்றவனுக்கு வால் துண்டும் "உன்ன நல்லா ஏமாத்திட்டானுங்க" என்ற ஆறுதலும் கிடைக்கும். அதனால் அந்தக் குடும்பத்தில் விலையை உள்ளது உள்ளபடி சொன்னவர் எவரும் இல்லை. கடையில் ஒரு பேரம் நடக்கும், நெம்மேலிக்குப் போகும் வழியில் மனசுக்குள் இன்னொரு பேரம் நடக்கும். பூபாலனே இருபத்தாறாயிரத்துக்கு வாங்கிய ஃப்ரிட்ஜைப் பத்தொன்பது என்று சொன்னவன்தான். நடுத்துண்டு வந்தது. எதிரே ஜோயல் தலையைக் குனிந்துகொண்டு வால் துண்டில் முள் எடுப்பதைப் பார்த்தபடியே தின்றான். அவ்வளவு ருசியான மீனை அவன் ஜென்மத்தில் தின்றதில்லை.

அப்படிப்பட்ட வீட்டில்தான் கம்ப்யூட்டர் வாங்கும் பேச்சு வந்தது.

அன்பரசி செங்கல்பட்டில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் பல வருஷம் கணக்கு எழுதியவள். ஆடிட்டர் ஆபீசைத் தாம்பரத்துக்கு மாற்றிக்கொண்டு போனதும் வேலை நின்றது. அவள் கையின் சுத்தம் தெரிந்த மூன்று கடைக்காரர்கள், சிங்கப்பெருமாள் கோயில் கடைத்தெருவிலேயே இருப்பவர்கள், வீடு தேடி வந்தார்கள். பெயின்ட் கடை, மெடிக்கல், பேக்கரி. "மாசாமாசம் எங்க ஜிஎஸ்டி கணக்க வூட்லருந்தே பாத்துக் குடும்மா" என்றார்கள். அவளுக்கு வேண்டியது ஒரு கம்ப்யூட்டர் மட்டும்தான். போனஸ் பணம் பேங்கில் இருந்தது. ஹாலில் ஜன்னல் பக்கம் இடம் ஒதுக்கி, மேஜை விரிப்புகூடத் தைத்துவிட்டாள். செங்கல்பட்டில் கடை வைத்திருக்கும் சதாசிவம் முழு செட்டும் நாற்பத்திரண்டாயிரம் ஆகும் என்றார். பூபாலனும் சரி என்றுதான் இருந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நெம்மேலியில் ஜோயல் வாயைத் திறந்தான். மகள் ஸ்வாதி காலேஜ் சேர்கிறாள் என்று அவனும் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டான்.

"முப்பதுதான் மாமா. ஃபுல் செட்டு."

அதே கம்பெனி, அதே மாடல். பூபாலன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல இருந்தது. நடுத்துண்டு அவன் கண்ணெதிரே மேஜையைக் கடந்து ஜோயல் தட்டுக்குப் போனது. திரும்பும் வழியெல்லாம் வண்டியை முறுக்கிக்கொண்டே வந்தான்.

"நாப்பத்திரெண்டுக்கு வாங்கினு போய் அந்த மனுசன் முன்னாடி நான் இன்னான்னு சொல்றது?"

"எதுக்குச் சொல்லணும்?" என்றாள் அன்பரசி.

அது அவனுக்குப் புரியவே இல்லை. பொய்யாக ஒரு விலை சொல்லிவிட்டுப் போகலாம்தான், அதில் அவனுக்குப் பழக்கமும் உண்டு. ஆனால் ஜோயல் நிஜமாகவே முப்பதுக்கு வாங்கியிருக்கும்போது பொய்யால் ஜெயிப்பது போதவில்லை. நிஜமாகவே முப்பதுக்குக் கீழே முடித்துக் காட்ட வேண்டும். தான் ஃப்ரிட்ஜ் விலையைக் குறைத்துச் சொன்னது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. ஜோயலும் அப்படிக் குறைத்திருப்பான் என்று மட்டும் ஒரு நாளும் தோன்றவில்லை. தனக்கு ஆகாதவனின் அதிர்ஷ்டத்தை நம்புவதில் பூபாலனைப் போல நம்பிக்கைக்காரன் கிடையாது.

ஆடித் தள்ளுபடி வரட்டும் என்றான். ஆடி வந்தது, சதாசிவம் ஆயிரம் ரூபாய் குறைத்து ஒரு பையும் இலவசம் என்றார். பையை வைத்து என்ன செய்வது என்று எழுந்து வந்துவிட்டான். அந்த மாதமே பெயின்ட் கடைக்காரர் அன்பரசிக்கு போன் செய்தார். அவருக்குக் கணக்கு காட்ட வேண்டிய தேதி நெருங்கிவிட்டது, பின்தெரு ஷபானா வீட்டில் லேப்டாப் இருக்கிறதாம், அவளிடம் கொடுத்துவிட்டாராம்.

"ஒரு கட போனா போவுது. இன்னும் ரெண்டு கீதே," என்றான் பூபாலன்.

ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் மெஷினுக்கெல்லாம் பொட்டு வைக்கும்போது கூட வேலை செய்யும் பையன்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். புது மாடல் வந்தால் பழையது சரசரவென்று இறங்கும் என்றான் ஒருவன். வருஷக் கடைசியில் ஸ்டாக்கைத் தள்ளிவிடுவார்கள் என்றான் இன்னொருவன். பூபாலன் சாப்பாட்டு நேரம் முழுக்க போனில் விலை பார்த்தான். கம்ப்யூட்டர் விலை பார்க்கிறானா, ஜோயலைக் கவிழ்க்க வழி பார்க்கிறானா என்று அவனுக்கே தெரியாது. தீபாவளிக்கு முப்பத்தொன்பது வரை இறங்கியது. சதாசிவம் அவனை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார்.

"சார், நானே சொல்றேன், இப்ப எடுத்துக்கினு போயிடுங்க. மெமரி வெல ஏறிக்கினே வருது. இதுக்கு மேல எறங்காது."

வியாபாரி வேறு எப்படிப் பேசுவான் என்று பூபாலன் சிரித்துக்கொண்டான். முப்பதுக்கு விற்ற ஒரு கடை இந்த ஜில்லாவில் எங்கோ இருக்கிறது, அதை இவர் மறைக்கிறார் என்பது அவன் முடிவு. அந்தக் கடை எது என்று ஜோயலிடம் கேட்க வாய் வருமா? கேட்டால் தோற்றதாக ஆகிவிடுமே. தீபாவளி முடிந்த வாரம் மெடிக்கல்காரரும் ஷபானாவிடம் போய்விட்டார்.

அன்பரசி சண்டை போடவில்லை. எதையும் கேட்பதை நிறுத்திக்கொண்டாள். பேக்கரி ஒன்றையாவது கைவிடக் கூடாது என்று மாதக் கடைசியில் பில் கட்டை எடுத்துக்கொண்டு படூருக்குப் பஸ் ஏற ஆரம்பித்தாள். ஜோயல் வீட்டுக் கம்ப்யூட்டரில் கணக்கை ஏற்றிவிட்டு இருட்டுவதற்குள் திரும்புவாள்.

இது பூபாலனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். தன் பெண்டாட்டி பிழைப்புக்காக அவன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டியதாகிவிட்டதே என்று வயிறு பற்றி எரிந்தது. அப்போதும் கடைக்குப் போய் நாற்பதை எண்ணி வைக்கத் தோன்றவில்லை பாருங்கள். பொங்கல் தள்ளுபடி வரட்டும், அதில் பிடித்துவிடலாம் என்றுதான் தோன்றியது. பொங்கலுக்கு விலை நாற்பத்தேழு ஆனது.

அதற்கடுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை அழைத்துவரப் படூருக்குப் போனான். அன்பரசி சுழலும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு மளமளவென்று தட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு களை. அந்த முகத்தை அவன் வீட்டில் பார்த்து மாதக்கணக்காகிறது. அது ஜோயலின் கம்ப்யூட்டருக்கு முன்னால் வந்ததைத்தான் தாங்க முடியவில்லை. ஜோயல் வேறு, "மெதுவா பண்ணு அன்பு, அவசரம் இல்ல" என்று காபியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். பூபாலன் பால்கனிக்குப் போய் நின்றுகொண்டான். ஜோயலும் பின்னாலேயே வந்தான்.

"சகல, தப்பா நெனச்சிக்காத. அவ பஸ்ல அலையறது மனசுக்குக் கஷ்டமா கீது. ஒண்ணு வாங்கிக் குட்துடேன்."

"முப்பதுக்குக் கெடைக்கலயே."

ஜோயல் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "மாமாகிட்ட சொல்லிடாத. நான் வாங்குனது நாப்பத்திமூணு."

பூபாலன் சட்டென்று அவன் பக்கம் திரும்பினான்.

"இன்னா பண்றது? நீ ஃப்ரிட்ஜ பத்தொம்போதுக்கு முடிச்சிட்ட. அந்த வெலைக்கு நானும் ஒரு வருசம் தேடிக்கினே இருந்தேன், ஒரு கடையிலயும் இல்ல. வரலு இன்னும் அந்த ஒழுவுற பழைய ஃப்ரிட்ஜ வச்சிக்கினுதான் மாரடிக்கிறா. உன் சாமர்த்தியம் எனக்கு வரல. பொறாமதான் சகல, வேற இன்னா. அதான் கம்ப்யூட்டர்ல கொறச்சி சொல்லிட்டேன்."

முதலில் பூபாலனுக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. முப்பது என்ற ஒரு விலையே உலகத்தில் கிடையாது, ஜோயலும் தன்னைவிட ஒரு ரூபாய் கெட்டிக்காரன் இல்லை. பிறகுதான் இத்தனை மாதம் தான் துரத்தியது என்ன என்று உறைத்தது. தான் சொன்ன ஒரு பொய், படூர் வரை போய்ச் சுற்றிவிட்டுத் தன் வீட்டு வாசலுக்கே திரும்பி வந்திருக்கிறது. ஃப்ரிட்ஜின் உண்மை விலையை அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஜோயல் தன்மேல் பொறாமைப்படுகிறான் என்று ஜோயல் வாயாலேயே கேட்கிற சுகம் இருக்கிறதே, அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. "ஏதோ நேரம், கெடச்சிது" என்று சொல்லிவிட்டு வந்தான். வரலட்சுமியின் பழைய ஃப்ரிட்ஜ் அடியில் தண்ணீர் உறிஞ்சப் போட்டிருந்த துணி சமையலறை வாசலில் தெரிந்தது.

மறுவாரமே செங்கல்பட்டுக்குப் போனான். அதற்குள் ஐம்பத்தொன்று ஆகியிருந்தது. சதாசிவம் எதையும் குத்திக்காட்டவில்லை, அது இன்னும் எரிச்சலாக இருந்தது. கம்ப்யூட்டர் வந்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்தது. அன்பரசி தான் தைத்த விரிப்பை எடுத்துப் போட்டாள்.

"இனிமே பேக்கரி கணக்குக்கு நீ படூருக்குப் போவ வேணாம்," என்றான் பெருமையாக.

"ஆமா, போவ வேணாம்," என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த மாத ஞாயிற்றுக்கிழமை வந்தது. நெம்மேலி வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஜன்னல் வழியாக அலைச் சத்தம் கேட்டது. கருப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே நிமிர்ந்தார்.

"கம்ப்யூட்டர் வந்துச்சாமே. இன்னா மாப்ள, எவ்ளோக்கு முடிச்ச?"

ஜோயல் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தான். பூபாலனுக்கு நாக்கு நுனியில் இருபத்தொன்பது வந்து நின்றது. சொல்லிவிட்டால் போதும், நாற்பத்துமூன்று கொடுத்தவன் இன்னும் ஒரு வருஷம் தூங்க மாட்டான். என்னதான் உறைத்திருந்தாலும் அந்த முகம் கறுப்பதைப் பார்க்கிற ஆசை அடங்கவில்லை. வாயைத் திறந்தான்.

"மூணு கட ஆச்சுப்பா," என்றாள் அன்பரசி. மீன் தட்டோடு அப்போதுதான் சமையலறையிலிருந்து வந்தாள்.

"இன்னாம்மா சொல்ற?"

"பெயின்ட் கட ஆடியில போச்சு. மெடிக்கல் தீவாளி முடிஞ்சி போச்சு. பேக்கரிக்காரு போன மாசம் என்னக் கூப்ட்டு, அடுத்தவங்க வூட்டு கம்ப்யூட்டர்ல எங்க கணக்கு இருக்கிறது சரிப்படாதும்மான்னுட்டாரு. கம்ப்யூட்டர் வர்றதுக்கு மொத நாளு. மூணும் இப்ப ஷபானா கைல கீது."

பேக்கரி போனது பூபாலனுக்கு அப்போதுதான் தெரியும். ஜோயல் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். வரலட்சுமி தங்கையின் முகத்தையே பார்த்தாள். அன்பரசி ஆளுக்கொரு துண்டு வைத்துவிட்டு, நடுத்துண்டைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

கருப்பனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "நெஜமாவா மாப்ள?" என்று மறுபடி அவனிடமே கேட்டார்.

எந்த விலையையும் பாதி வழியிலேயே குறைத்துவிடுகிற மனசு பூபாலனுடையது. இந்த விலையை எப்படிக் குறைத்துச் சொல்வது என்று அதற்குத் தெரியவில்லை.

"ஆமா மாமா," என்றான்.