மேல்மலை மண்

கொர்னேலியஸ் பயந்தவர் என்று எஸ்டேட்டில் யாரும் சொன்னதில்லை. அப்படிச் சொல்ல அவர் யாரையும் வாய் திறக்க விட்டதில்லை என்பதுதான் உண்மை. மலாயாவின் பிரிஞ்சாங்கில் ஹாஜா மைதீன் கடையில் உட்கார்ந்தால், தேநீர் ஆறுவதற்குள் இரண்டு புலிகளையும் ஒரு கம்யூனிஸ்டுப் படையையும் விரட்டிவிடுவார். கம்யூனிஸ்டுகளை அடக்க அவசரகாலச் சட்டம் வந்து தொழிலாளர் லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்ட பிறகு அவருடைய வீரம் இன்னும் கூடிப்போயிற்று. கம்பிக்குள்ளேதானே இருந்தார்.

அப்பேர்ப்பட்டவருக்குத்தான் மண் எடுக்கும் வேலை கிடைத்தது. துத்தநாகம், போரான் என்று தேயிலைச் செடிக்குச் சிட்டிகை அளவே வேண்டிய சத்துகள் சில உண்டு. அவை எந்த மலையில் இருக்கின்றன, எதில் இல்லை என்று வரைபடம் போட ஒரு துரை கோலாலம்பூரில் உட்கார்ந்திருந்தார். காட்டோரம் நடமாடுவது ஆபத்து என்று அவர் வரவில்லை. ஒவ்வொரு மலையின் மண்ணையும் துணிப்பையில் கட்டி, மலையின் பெயரை எழுதி அனுப்பச் சொல்லிவிட்டார்.

கீழ்மலைகளில் கொர்னேலியஸ் ஒழுங்காகவே தோண்டினார். மேல்மலைதான் தகராறு. அதற்குப் போகும் பாதை காட்டுக்குள் புகுந்து ஏறும். காட்டில் யார் இருக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். பாதி தூரம் போனவர், ஒரு குரங்கு கிளையை ஆட்டியதும் இறங்கி வந்துவிட்டார். லயத்துக்குப் பின்னால், கூரைத் தண்ணீர் சொட்டும் இடத்தில் மண் கருகருவென்று அழகாகத்தான் இருந்தது. எல்லாம் மண்தானே என்று பையை நிரப்பி, மேல்மலை என்று எழுதிவிட்டார். காட்டிலிருக்கும் படைக்கு அரிசி கடத்துகிறாரோ என்று கேட்டில் நின்ற காவலர் பைக்குள் கைவிட்டுத் துழாவினார். எந்த மண் என்று அவரும் கேட்கவில்லை.

அந்தக் கூரையோ துத்தநாகம் பூசிய தகரம். வருஷக்கணக்காக மழை அதைக் கழுவிக் கழுவி அடியில் இறக்கியிருந்தது. வரைபடம் வந்தபோது மேல்மலை முழுக்கப் பச்சை நிறம். சத்துக்குக் குறைவே இல்லை என்று அர்த்தம். எஸ்டேட்டின் பெரிய துரை பார்த்தார். அங்கே கொழுந்தின் எடை குறைவதற்கு மண் காரணமில்லை, பெண்கள் சோம்பேறித்தனம் பண்ணுகிறார்கள் என்று முடிவு கட்டினார். எடை குறைந்தால் திங்கட்கிழமை முதல் அரைநாள் கூலிதான் என்று உத்தரவு போட்டார்.

மேல்மலையில் கொழுந்தெடுப்பவர்களில் கொர்னேலியஸின் மனைவி பவுலினும் ஒருத்தி. அன்று சாயங்காலம் அவள் ஒரு தளிரைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். இலை சுண்டுவிரல் நகமளவுக்குச் சிறுத்து, அரிவாள் மாதிரி வளைந்திருந்தது.

“இதை எடுத்து எப்படிங்க கூடையை நிரப்புறது? அந்த மண்ணை எங்க எடுத்தீங்க?”

அவர் புலிக்கதைக்கு வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

“நம்ம லயத்துக்குப் பின்னால.”

பவுலினுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. “படையையே விரட்டுன ஆளு லா நீங்க.”

“பயமா இருந்துச்சு பவுலின்.”

“எனக்கும்தாங்க. தினம் பயந்துகிட்டேதான் போறேன்.”

மனுஷனை வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் நாள்தோறும் அந்த மலைக்குப் போவது அவருக்குத் தெரியாததல்ல. நினைத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் எஸ்டேட் ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி வேலப்பனிடம் போய் நடந்ததைச் சொன்னார். கிராணி போட்ட சத்தத்தில் ஆபீஸே கூடிவிட்டது. “இன்னைக்கே ஏறிப் போயி மண்ணைக் கொண்டா. இல்லன்னா வேற எஸ்டேட் பாத்துக்க” என்றார். புது மண்ணைச் சோதித்ததும், வரைபடத்தில் மேல்மலை சத்தில்லாத சிவப்பானதும், பெரிய துரை உத்தரவைத் திரும்ப வாங்கிக்கொண்டதும் பின்னால் நடந்தவை. அன்று அவர் மலையேறியதைத்தான் சொல்ல வேண்டும்.

அந்தப் பாதையில் பெண்கள் ஒற்றை வரிசையாகத்தான் போவார்கள். கொர்னேலியஸை நடுவில் விட்டார்கள். “ஆம்பளையைப் பத்திரமாக் கூட்டிட்டுப் போங்கடி” என்றாள் அவருக்கு முன்னால் நடந்த செல்லம். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்துவைத்தார். காடு நெருங்கியதும் திரும்பிப் பார்த்தார். கடைசி ஆளாக பவுலின் வந்துகொண்டிருந்தாள்.

“அவ ஏன் கடைசில வர்றா?”

“எப்பவும் அவதான் லா. பின்னால இருந்து எது வந்தாலும் கடைசி ஆள் மேலதானே விழும். எங்களுக்கெல்லாம் பிள்ளைங்க இருக்கு, தனக்கு இல்லன்னு அவளே கேட்டு அங்க நின்னுக்கிட்டா” என்றாள் செல்லம்.

கொர்னேலியஸ் பாதையோரம் ஒதுங்கி, பெண்களை ஒவ்வொருவராக முன்னால் விட்டார். பவுலினும் கடந்து போன பிறகு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி அவளுக்குப் பின்னால் ஏறினார்.