முன்கூட்டியே போட்ட ஐந்து கையெழுத்துகள்

நான் உயிரோடு இருக்கிறேன் என்று ஐந்து வருஷத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு விமானம் ஏறியவன் நான். இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். மிச்சத்தை யாரிடமும் சொன்னதில்லை. வெட்கம். இப்போதும் வெட்கம்தான். ஆனால் வயசாகிவிட்டது, இனிமேல் ஒளித்து வைத்து என்ன ஆகப்போகிறது?

எழுபதுகளின் தொடக்கம். அரசாங்கக் கட்டட இலாகா ஒன்றில் முப்பத்துமூன்று வருஷம் குப்பை கொட்டிவிட்டு, ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்றேன். மனைவி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். இங்கிலாந்தில் வேலையாயிருந்த ஒரே மகன், "தனியா அங்க என்னப்பா பண்ணப் போறீங்க?" என்று கூப்பிட்டான். போனேன். பென்ஷனை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டுப் போனேன். தி.நகரில் என் தங்கை இருந்தாள். கணவனை இழந்தவள். அந்தப் பென்ஷனில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது.

பென்ஷன் வாங்குகிறவன் வருஷத்துக்கு ஒரு தடவை, நவம்பரில், தான் இன்னும் சாகவில்லை என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு ஒரு படிவம். அதில் நம் கையெழுத்து. அதற்குக் கீழே, "இவர் இன்று என் முன் நேரில் வந்தார், உயிருடன் இருக்கிறார்" என்று ஒரு கெஜட்டட் அதிகாரி பச்சை மையில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்த வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் நம் தூதரகத்தில் போய் நின்றால் அவர்களே போட்டுத் தருவார்கள். பத்து நிமிஷ வேலை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஆனால் மகன் இருந்த ஊரிலிருந்து லண்டனுக்கு ரயிலில் போகவேண்டும். அதற்கு அவன் லீவு போடவேண்டும், டிக்கெட் வாங்கவேண்டும். பெற்ற பிள்ளையிடம் கை நீட்டுவதா? நானா? அந்த வீம்பு என்னோடு கூடப்பிறந்தது.

மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்தெருவில் என் நண்பர் இருந்தார். ஆபீஸில் இருபது வருஷம் எனக்கு அடுத்த மேஜை. நான் சத்தம் போடுவேன், அவர் போய்ச் சமாதானம் பண்ணிவிட்டு வருவார். எங்களுக்குள் வேலைப் பங்கீடு அப்படி. அவருடைய மாப்பிள்ளை அரசாங்கக் கால்நடை மருத்துவர். பச்சை மையில் கையெழுத்துப் போடுகிற அந்தஸ்துக்கு அப்போதுதான் வந்திருந்தார்.

நான் புறப்படுவதற்கு முன்தினம் அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம்.

"அஞ்சு ஃபாரத்துல கையெழுத்தைப் போட்டுக் குடுத்துட்டுப் போம் ஓய்," என்றார் நண்பர். "நவம்பர் வந்தா ஒண்ணொண்ணா மாப்பிள்ளைகிட்ட நீட்டிடறேன். ஆத்துக்குள்ளயே ஆபீசரை வெச்சுண்டு நீர் எதுக்குக் குளிர்ல அலையணும்?"

"மாட்டு டாக்டர் சொன்னா நான் உசுரோட இருக்கிறதை நம்புவாங்களா?"

"உமக்கு அவர்தான் பொருத்தம்," என்றார். சமையலறையிலிருந்து அவர் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது.

மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. "ஆளைப் பாக்காம போடறதுன்னா..." என்று இழுத்தார். நான்தான் அவரை அதட்டினேன். "இதோ எதிர்ல உக்காந்திருக்கேன், பாத்துக்குங்க. அஞ்சு வருஷத்துக்கும் சேத்துப் பாத்துக்குங்க!" சரி என்று தலையாட்டினார். மாமனாரின் சிநேகிதன், பெரியவன் என்கிற மரியாதை.

இரண்டு வருஷம் எல்லாம் சுகமாக நடந்தது. நண்பர் மாதாமாதம் மயிலாப்பூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய், வரிசையில் நின்று, பென்ஷனை வாங்கி, தி.நகருக்கு வந்து என் தங்கை கையில் கொடுத்துவிட்டுப் போனார். பஸ் காசுகூட அவருடையதுதான். நான் கேட்டதில்லை, அவர் சொன்னதுமில்லை.

மூன்றாம் வருஷம் நவம்பர் தாண்டி இரண்டு மாதம் பென்ஷன் வரவில்லை. நண்பர் எழுதினார். "செக்‌ஷனை மாத்திட்டான். ஃபைல் எங்கேயோ மாட்டிண்டிருக்கு. வாரத்துக்கு ரெண்டு தரம் போய்ண்டுதான் இருக்கேன், அடுத்த மாசம் வந்துடும். பொறும் ஓய். கடுதாசி கிடுதாசி போட்டு வெச்சுடாதேயும்."

என் குணம் அவருக்குத் தெரியும். ஆனால் வேண்டாம் என்று சொன்னால்தானே எனக்குக் கை ஊறும்! அன்று ராத்திரி சாப்பாட்டைக்கூட ஒதுக்கிவிட்டு, பென்ஷன் ஆபீஸின் தலைமை அதிகாரிக்கு இங்கிலீஷில் ஒரு புகார் எழுதினேன். இரண்டு முழுப் பக்கம். எனக்கு என் இங்கிலீஷ்மேல் ஒரு கர்வம் உண்டு. அலுவலகத்தின் மெத்தனத்தைக் கிழித்தேன், சிப்பந்திகளின் பொறுப்பின்மையைக் கிழித்தேன். கடைசியில் அதிகாரியின் மனம் உருகட்டும் என்று ஒரு வாக்கியம் சேர்த்தேன்: "மூன்றாண்டுகளாக ஒருமுறைகூடத் தாய்நாட்டு மண்ணை மிதிக்க இயலாமல் அந்நியக் குளிரில் நடுங்கும் இந்த முதியவனை இப்படியா வதைப்பது?" படித்துப் பார்த்தேன். எனக்கே கண் கலங்கியது. மறுநாள் காலையிலேயே தபாலில் சேர்த்தேன்.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாயைத் திறந்தவன் நான், கெட்டது வேறொருவர்.

ஒரு மாதம் கழித்து ஆபீஸிலிருந்து பதில் வந்தது, நேரில் வந்து விளக்கம் தரும்படி. லண்டனுக்கு ரயில் டிக்கெட் கேட்க வெட்கப்பட்டவன், மகனிடம் மெட்ராஸுக்கு விமான டிக்கெட்டே கேட்கவேண்டி வந்தது. அவன் அன்றைக்கே வாங்கிக் கொடுத்தான்.

நானும் நண்பரும் சேர்ந்து அந்த ஆபீஸுக்குப் போனோம். வாசலில் இருந்த பியூன் என் பெயரைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டான். "நீங்கதானா சார் அந்த லண்டன் பெரியவரு? இன்னா சார், அப்டி இன்னாதான் எழுதினீங்க? உங்க லெட்டரு மேசை மேசையா சுத்திக்கினு கீது!" என்றான். அந்த நிலையிலும் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. சொல்லவே கூசுகிறது.

அதிகாரி நல்ல மனுஷர். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். எங்கள் இருவரையும் உட்காரச் சொன்னார். என் கடிதத்தையும் மூன்று சான்றிதழ்களையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"மூணு வருஷமா ஊருக்கே வரலைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. மூணு வருஷமும் நீங்க நேர்ல வந்து நின்னீங்கன்னு டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்காரு. எது சார் நிஜம்?"

அவரே தொடர்ந்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "சார், நீங்க உயிரோட இருக்கீங்க, அதுல தகராறு இல்ல. இதுல யாரும் பணம் தின்னுடல, அதுவும் தெரியுது. நான்தான் சொல்லிச் செய்யவெச்சேன், தப்புதான்னு நீங்க ஒரு வரி எழுதிக் கொடுங்க. உங்களுக்கு ஒரு எச்சரிக்கை அனுப்பிட்டு ஃபைலை இங்கேயே மூடிடறேன். பென்ஷன் ரெண்டு மாசம் தள்ளி வரும், அவ்வளவுதான். எனக்கு எதுவும் தெரியாதுன்னு நீங்க சொன்னா மட்டும் நான் டாக்டரோட டிபார்ட்மெண்டுக்கு எழுதியாகணும். அவருக்குச் சின்ன வயசு, வேலைக்கும் புதுசு. யோசிச்சுச் சொல்லுங்க."

ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார்.

முப்பத்துமூன்று வருஷ சர்வீஸில் நான் ஒரு மெமோ வாங்கியவன் அல்ல. என் சர்வீஸ் புஸ்தகத்தில் ஒரு சிவப்பு மைக் கோடு கிடையாது. அதைச் சொல்லிச் சொல்லியே ஆபீஸில் எத்தனை பேரை மட்டம் தட்டியிருக்கிறேன்! இப்போது, ஓய்வு பெற்ற பிறகு, ஒரு எச்சரிக்கையா? என் பெயருக்கு எதிரிலா?

தங்கையை நினைத்துத்தான் அப்படிச் செய்தேன் என்று பிற்பாடு பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுத்தப் பொய். அவர் சொன்ன வழியிலும் தங்கைக்குப் பென்ஷன் வந்திருக்கும்.

"நண்பரை நம்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்," என்றேன். "அதை எப்படி உபயோகிச்சார்ங்கிறது எனக்குத் தெரியாது." அதையே அந்தத் தாளில் எழுதினேன். நல்ல இங்கிலீஷில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல்.

அதிகாரி படித்துவிட்டு நண்பரைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

நண்பர் என் பக்கம் திரும்பினார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். யாரோ தெருவில் தடுக்கி விழுந்தால் பார்ப்பார்களே, அந்த மாதிரி பார்த்தார். பிறகு, "ஆமா சார். அவருக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் மாப்பிள்ளையைக் கட்டாயப்படுத்தினேன்," என்றார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். இல்லை, திரும்பி உள்ளே ஓடி அந்தத் தாளை வாங்கிக் கிழித்திருக்க வேண்டும். அரை மணி நேரம் இருந்தது. "வெயில் ஜாஸ்தியா இருக்கு," என்றேன். "ஆத்துக்கு வாரும், காப்பி சாப்டுட்டுப் போகலாம்," என்றார் அவர். போனேன். எந்த முகத்தோடு போனேன் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

அவர் மனைவி வாசலுக்கே வந்துவிட்டார். "அண்ணா, நீங்க கடல் தாண்டி நேர்லயே வந்துட்டேள். இனிமே மாப்பிள்ளைக்கு ஒரு குறையும் வராது. பொண்ணு வேற முழுகாம இருக்கா, பயந்து போயிருந்தா. உங்க பிள்ளைகுட்டியெல்லாம் நன்னா இருக்கணும்," என்றார்.

நான் நண்பரைப் பார்த்தேன். அவர் கால் கழுவப் பின்கட்டுக்குப் போய்விட்டார். "எல்லாம் சரியாயிடும் மாமி," என்றேன். காப்பி நன்றாக இருந்தது. அதையும் மறக்காமல் சொன்னேன்.

நான் இங்கிலாந்து திரும்பினேன். என் பென்ஷன் அடுத்த மாதமே ஒழுங்காக வந்துவிட்டது. மூன்று மாதம் கழித்து நண்பரிடமிருந்து கடிதம் வந்தது. மாப்பிள்ளையின் சம்பள உயர்வை நிறுத்திவிட்டார்கள், தெற்கே ஒரு கோடியில் தூக்கிப் போட்டுவிட்டார்கள். பிரசவத்துக்கு வந்திருந்த மகள் கைக்குழந்தையோடு அங்கே போயிருக்கிறாள். நாலைந்து வரியில் இவ்வளவுதான். வசவு ஒன்றுமில்லை. முடிவில் மட்டும் இப்படி எழுதியிருந்தார்:

"நீர் எவ்வளவோ மன்றாடினீர், ஆபீசில்தான் கேக்கலைன்னு ஆத்துல சொல்லி வெச்சிருக்கேன். அவ உம்மேல ரொம்ப மரியாதை வெச்சிண்டிருக்கா. அவளுக்குத் தனியா நாலு வரி எழுதினீர்னா, அதையே எழுதும்."

இரண்டு நாள் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் உட்கார்ந்து மாமிக்கு எழுதினேன். என்னால் ஆனமட்டும் மன்றாடினேன், அவர்கள் கேட்கவில்லை என்று.