ராசன் அண்ணை கேட்ட யன்னல்

கொழும்பில் கட்டடக்கலை படித்தபோது எங்களுக்கு முதல் பாடமே, படத்தில் சுவரைக் கீறுமுன் காற்று வரும் திசையைக் குறி என்பதுதான். அந்தப் படிப்போடு நான் டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில் ஒரு துணி ஆலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஊரில் போர் முடிந்த 2009 மே மாதம், கூட வேலை செய்த ராசன் அண்ணை, வன்னியில் இருந்த தன் தங்கைக்குக் கட்டிக்கொடுக்க ஒரு வீட்டுப்படம் கீறித் தரச் சொன்னார்.

தங்கையிடமிருந்து வாரக்கணக்கில் அழைப்பில்லை. ஆலையில் இருந்த தமிழர் எங்களில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. மெஷின் சத்தத்திலும் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவரோ ஒவ்வொரு இடைவேளையிலும் ஒரு திருத்தம் சொன்னார்.

"தம்பி, இந்த அறைக்குக் காத்து வராது. இன்னொரு யன்னல் வையும்."

ஐந்தாம் முறை எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணை, முதல்ல ஆள் உயிரோட இருக்கோ எண்டு விசாரியுங்கோ. பிறகு யன்னலைப் பாப்பம்."

சொன்ன கணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை. தாளை மெல்ல நீவினார்.

"படம் முடிஞ்சா அவளிட்டக் காட்டோணும் தம்பி. அதுதான் முடிய விடாமல் வைச்சிருக்கிறன்."

றப்பரை எடுத்துச் சமையலறையை முழுதாக அழித்தேன்.

"குசினியும் பிழை அண்ணை. நாளைக்குத் திருப்பிக் கீறுவம்."

"ஓம்" என்றார்.

நாலு வருடம் படித்திருந்தும், அவருக்கு யன்னல் எதற்கு என்று எனக்கு விளங்கியிருக்கவில்லை. அந்தப் படத்தை நான் இன்றுவரை முடிக்கவில்லை.