எட்டாம் நம்பருக்கு யாரும் போகவில்லை

கோதண்டராமனுக்கு வயது ஐம்பத்திரண்டு, ஊர் வடக்குப்பட்டு. ஒரகடத்தில் காருக்குத் தகடு அடிக்கும் எங்கள் கம்பெனியில் கிரேனுக்கு சிக்னல் கொடுப்பவர். டை என்கிற நான்கு டன் இரும்பு அச்சு அந்தரத்தில் தொங்கும்போது, கீழே நின்று வாக்கி-டாக்கியில் "தூக்கு", "எறக்கு", "நிறுத்து" என்று சொல்ல வேண்டும். மேலே கூண்டில் உட்கார்ந்திருக்கும் நம்பிராஜனுக்கு அச்சுக்கு அடியில் நடப்பது தெரியாது. காதில் விழுவதை நம்பித்தான் சுவிட்சைத் தொடுவான். இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் பதினோரு வருஷம் கல்யாணங்களுக்கு மைக் செட் கட்டியவர் என்பதால், ஒலி விஷயம் தனக்குத்தான் தெரியும் என்று கோதண்டராமனுக்கு நினைப்பு. அது உண்மையாகவும் இருந்ததுதான் எங்களுக்கு எரிச்சல்.

நான் ஸ்டோர்காரன். காலையில் வாக்கி-டாக்கி செட்டுகளை எடுத்துக் கொடுத்து, சாயங்காலம் வாங்கி சார்ஜில் போடுவேன். அதனால் அவர் திட்டுகிற திட்டில் முதல் பங்கு எனக்குத்தான்.

திட்டுவதற்குக் காரணமும் இருந்தது. எங்கள் செட்டுகள் லைசென்ஸ் இல்லாமல் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடியவை. பதினாறு சேனல் உண்டு. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிடங்குக் கம்பெனியிலும் அதே செட், அதே பதினாறு. அங்கே ஒருவன் "டீ வந்துச்சா" என்று கேட்டால் எங்கள் நம்பிராஜனுக்குக் கேட்கும். டீயோடு போனால் பரவாயில்லை. அந்தப் பக்கமும் கிரேன் இருக்கிறது. அங்கேயும் ஒருவன் "எறக்கு" என்கிறான்.

குறுக்கே வேறு குரல் வந்தால் அடுத்த நம்பருக்கு மாற வேண்டும் என்று கோதண்டராமன் விதி போட்டார். நல்ல விதிதான். அந்தப் பக்கத்துக்காரர்களும் அதையே வைத்திருந்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. சந்தில் எதிரெதிரே வரும் இரண்டு பேர் வழிவிடுகிறேன் என்று ஒரே பக்கம் ஒதுங்கி மறுபடி முட்டிக்கொள்வார்களே, அந்த மாதிரி நாங்கள் ஐந்திலிருந்து ஆறுக்குப் போனால் அவர்களும் ஆறு. ஏழுக்குப் போனால் ஏழு.

சித்திரை மாதத்தில் ஒரு வாரம் முழுக்க அவர் சாப்பாட்டு நேரத்தில் செட்டைக் காதில் வைத்து ஒவ்வொரு சேனலாகக் கேட்டார். பிறகு எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார்.

"எட்டுல ஈ காக்கா கெடயாது. நாம எட்டுலயே குந்திக்கலாம். எங்கியும் மாறவே வேணாம்."

"எட்டு மட்டும் வேண்டாம் அண்ணாச்சி. எனக்கு அஷ்டமத்துச் சனி நடக்கு. எட்டுல உக்காந்துக்கிட்டு நாலு டன்னத் தூக்கச் சொல்லுதியளே" என்றான் நம்பிராஜன்.

"சனி சேனலப் பாத்துகினா வருவான்?"

அச்சுக்கு அடியில் மரக்கட்டை வைக்கும் சுடலையும் வேண்டாம் என்றான். சூப்பர்வைசர் சிவசங்கர், கூட்டினால் எட்டு வருகிறது என்று பைக் நம்பரையே மாற்றி வாங்கியவர். "எதுக்கு வம்பு, ஏழுல இருந்து நேரா ஒம்பதுக்குப் போயிடுங்க" என்று முடித்துவிட்டார். அந்தப் பக்கமும் நம் ஆட்கள்தானே. அவர்களும் அதே எட்டைத் தாண்டி அதே ஒன்பதில் வந்து குதித்தார்கள். கோதண்டராமன் தலையில் அடித்துக்கொண்டார். நான் அவர் பக்கம் பேசியிருக்கலாம். ஆனால் நானும் எட்டாம் தேதியில் நல்ல காரியம் எதுவும் தொடங்காதவன்.

ஆயுத பூஜை முடிந்த மறு வாரம், காலை பதினொரு மணி. அச்சு இடுப்பளவு உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. சுடலை அடியில் கையை நீட்டிக் கட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தான். அப்போது "எறக்கு" என்று கேட்டது. அது கோதண்டராமன் குரல் இல்லை. ஆனால் அச்சு இறங்கியது.

அவர் பட்டனை அழுத்தி "நிறுத்து" என்றார். போகவில்லை. அந்தப் பக்கத்துக்காரன் பட்டனை விடாமல் பேசிக்கொண்டே இருந்தான்; ஒருவன் பட்டனை அழுத்தியிருக்கும்வரை அதே சேனலில் இன்னொருவன் குரல் போகாது. இன்னொரு முறை அழுத்தாமல், கையிலிருந்த செட்டையே கூண்டுக் கண்ணாடியில் வீசி அடித்தார். கண்ணாடியில் விரிசல் விழுந்தது. நம்பிராஜன் திடுக்கிட்டுக் கையை எடுத்தான். அச்சு நின்றபோது சுடலையின் கைக்கும் அதற்கும் நடுவே நான்கு விரல் இடம் இருந்தது.

மறுநாள் கோதண்டராமனுக்கு மெமோ வந்தது. கம்பெனிச் சொத்தைச் சேதப்படுத்தியதற்கு விளக்கம் தர வேண்டுமாம். ஆளைக் காப்பாற்றியதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. படித்துவிட்டுச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"வாய்யா. அந்தப் பக்கத்து ஆள நாலு கேள்வி கேட்டுட்டு வரலாம்."

பக்கத்துக் கம்பெனி கேட்டில் விசாரித்தோம். சிக்னல் கொடுப்பவர் வந்தார். அருள்பாண்டி, மதுரைப் பக்கம், ஒல்லியான மனிதர்.

"இன்னாபா நீ, பட்டன அமுக்கிகினே கீற? எங்க ஆளு கை போயிருக்கும், தெரியுமா?" என்று ஆரம்பித்தார் கோதண்டராமன். அருள்பாண்டி பதிலுக்குக் கத்தவில்லை. இவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, 'தூக்கு'ன்னு ஒரு தடவ சொல்லுங்க."

"இன்னாத்துக்கு?"

"சொல்லுங்கண்ணே."

"தூக்கு" என்றார் இவர்.

அருள்பாண்டி கண்ணை மூடித் திறந்தார்.

"இந்தக் குரல்தான். ஆடி மாசம் எங்க செந்தமிழன் சங்கிலிய மாட்டிக்கிட்டு இருந்தான். 'தூக்கு'ன்னு வந்துச்சு. நான் சொல்லலண்ணே. சங்கிலி இறுகி ரெண்டு விரலு போயிருச்சு. நான்தான் சொன்னேன்னு மெமோ குடுத்துட்டாய்ங்க. வேற ஒரு குரலுன்னு சொன்னா ஒருத்தரும் நம்பல. செந்தமிழனே நம்பல."

கோதண்டராமன் குரலைத் தாழ்த்தினார்.

"எந்தக் கை?" என்று கேட்டார்.

"சோத்துக் கைண்ணே."

கேட்டில் இருந்த செக்யூரிட்டியிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கினார். என் சட்டைப் பையிலிருந்து பேனாவை அவரே உருவிக்கொண்டார். ஆடி மாதம் கேட்ட குரல் தன்னுடையது என்று எழுதி, பெயர், ஊர், டோக்கன் நம்பர் எல்லாம் போட்டுக் கையெழுத்திட்டார்.

"எட்டுக்கு மாறலாம்னு சித்திரையிலயே நீங்க சொன்னீங்க, நாங்கதான் கேக்கலன்னும் எழுதுங்க" என்றேன்.

தாளை மடித்து அருள்பாண்டி கையில் கொடுத்துவிட்டு, பேனாவை என்னிடம் நீட்டினார்.

"அத நீ எழுது" என்றார்.